சொல்லாமல் போக வேண்டிய வீடு

அன்றைக்கு வேல்விழிக்கு அது நான்காவது வீடு. காலையில் குன்னத்தூரில் ஒரு காதுகுத்து, அப்புறம் ஒரு புதுமனை புகுவிழா, ஒரு கல்யாணம். எல்லா இடத்திலும் ஒரே கும்பிடு, ஒரே சிரிப்பு, புறப்படும்போது ஒரே வார்த்தை: "வர்றேனுங்க." எம்எல்ஏ ஆகி நாலு வருசத்தில் அது வாயிலேயே குடியேறிவிட்டது. சித்திரை வெயிலில் நின்று நின்று, முழங்காலுக்குக் கீழே இருப்பது தன் கால்தானா என்றே தெரியவில்லை.

நான்காவது வீடு மயிலாளுடையது. அவள் கணவர் கிட்டுசாமி விடிகாலையில் இறந்துபோனார்.

பதினாலு வருசத்துக்கு முன் வேல்விழியும் மயிலாளும் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் மேசைக்கு எதிரெதிரே நின்று பிசிறு நூல் வெட்டியவர்கள். ஊராட்சி வார்டைப் பெண்களுக்கு ஒதுக்கியபோது ஊரார் முதலில் கேட்டது மயிலாளைத்தான்.

"எனக்குப் பேச வராதுங்க. இவ நிக்கட்டும். சூப்பர்வைசரையே வாயடைக்கறவ" என்று அவள் வேல்விழியை முன்னால் தள்ளிவிட்டாள்.

கிட்டுசாமி மொபெட்டில் ஒலிபெருக்கி கட்டிக்கொண்டு முன்னால் போக, இருவரும் பின்னால் வீதி வீதியாக நடந்தார்கள். வேல்விழி பதினோரு ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தாள். பிறகு ஒன்றியத் தலைவர், அதற்குப் பிறகு சட்டமன்றம். ஒவ்வொரு படி ஏறும்போதும் போக வேண்டிய வீடுகள் கூடின. இந்த வீட்டுக்கு வருவது குறைந்தது. கிட்டுசாமி சிறுநீரகம் கெட்டுப் படுத்திருந்தபோது மயிலாள் இரண்டு தடவை போன் செய்தாள். "உன்னையப் பாக்கோணுங்கறாரு கண்ணு." இரண்டு தடவையும் வேல்விழி "வர்றேன்க்கா" என்றாள். போகவில்லை.

இப்போது மாலை போட்டாயிற்று. மயிலாள் அருகே ஐந்து நிமிடம் உட்கார்ந்தாயிற்று. உதவியாளன் செல்வக்குமார் வாசலிலிருந்து கடிகாரத்தைத் தொட்டுக் காட்டினான். வேல்விழி எழுந்தாள், கைகூப்பினாள்.

"வர்றேனுங்க."

ஒப்பாரி சட்டென்று நின்றது. துக்க வீட்டில் அப்படிச் சொல்லிக்கொண்டு புறப்படுவதில்லை. மறுபடி வருவதென்றால் மறுபடி ஒரு சாவு. மயிலாள் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள்.

கிட்டுசாமியின் அக்கா நஞ்சம்மாள்தான் பேசினாள். "உசுரோட இருந்தப்ப வர்றேன் வர்றேன்னு சொல்லி வராதவங்க, இப்ப மறுக்கா வர்றாங்களாமா. யாரு சாவுக்குன்னு கேட்டுக்குங்க."

வேல்விழி கூப்பிய கையைக் கீழே இறக்கினாள்.

செல்வக்குமார் பக்கத்தில் வந்து குனிந்தான். "அக்கா, வெள்ளகோவில் மண்டபத்துக்கு மாவட்டச் செயலாளர் வந்துட்டாருங்க. சீட்டுப் பேச்சு இன்னைக்குத்தானுங்க. அரைமணியில கெளம்பிருவாராம்."

"கெளம்பட்டும்."

"அக்கா, அடுத்த எலெக்சனுக்கு..."

"நீ போய் வண்டிய நெழல்ல நிறுத்து."

மயிலாளுக்குப் பக்கத்தில் மறுபடி தரையில் உட்கார்ந்தாள். உட்கார்ந்ததால் சொன்னது இல்லையென்று ஆகிவிடாது. அது தெரிந்தேதான் உட்கார்ந்தாள். எழுந்து போகத் தெம்பும் இல்லை. போன் மடியில் துடித்துத் துடித்து அடங்கியது. மயிலாள் திரும்பவே இல்லை.

நாலு மணிக்கு எடுத்தார்கள். ஆண்கள் பின்னால் போனார்கள். பந்தல் காலியானது. பெண்கள் வீட்டைக் கழுவிவிட்டார்கள். வேல்விழியும் ஒரு குடம் தண்ணீர் மொண்டு கொடுத்தாள்.

குடத்தை வாங்கி வைத்துவிட்டு மயிலாள் சுவரைப் பார்த்தபடி சொன்னாள்: "மைக்கைப் புடிச்சா உன்ற பேர விட்டுப்போட்டு என்ற பேரச் சொல்லி ஓட்டுக் கேப்பாரு."

"ஆமாக்கா. ரெண்டு வீதியில அப்படியே கேட்டுட்டாரு."

"அந்த ரெண்டு வீதியிலதான் உனக்கு ஓட்டுக் கொறஞ்சுது."

"அக்கா, நான் ரெண்டு தடவையும்..."

"விடு. கேக்கறதுக்கு அவரு இல்ல." மயிலாள் அவளுடைய வீங்கிய பாதத்தைப் பார்த்தாள். "உன்ற ஆளு மத்தியானத்துலருந்து சோறு தண்ணியில்லாம நிக்கறான். எந்திரி. சொல்லாமப் போ."

வேல்விழி எழுந்தாள். வாசலைத் தாண்டுகையில் கைகள் பழக்கத்தில் மேலே எழும்பின. சேலைத் தலைப்பைச் சுருட்டி இரண்டு கையாலும் இறுகப் பிடித்துக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் நடந்தாள்.