மண்ணுக்கு மேலே ஒரு சாண்

கீழச்சிவல்பட்டிப் பக்கம் எலுமிச்சை ஒட்டுக்கன்று வேண்டுமென்றால் யோகலட்சுமியிடம்தான் போவார்கள். அவர் நட்டுக் கொடுத்துப் பிழைக்காத கன்று குறைவு. ஊரில் எல்லோரும் நடுகிறபடிதான் அவரும் நடுவார்: ஆழமாகக் குழியெடுத்து, ஒட்டுக் கட்டிய இடம் மறையும்வரை மண் அணைத்து. வெயில் முதலில் தீய்ப்பது அந்த இடத்தைத்தான்.

கண்டனூர் தேனப்பனுக்குக் கொடைக்கானல் மலைச்சரிவில் தோட்டம். நோய் வந்து அங்கிருந்த ஆரஞ்சு மரங்கள் போய்விட்டன. ஒன்று மட்டும் தாங்கி நின்றது. அதற்கும் வயதாகிவிட்டது. அதன் குச்சிகளை ஈரச்சாக்கில் சுற்றிக் கொண்டுவந்து கொடுத்தார். யோகலட்சுமி எலுமிச்சைக் கன்றுகளின் பட்டையைக் கீறிக் கழற்றி, அதனடியில் அந்தக் குச்சிகளின் இலைமொட்டுகளை வைத்துக் கட்டினார். துளிர்த்ததும் மலைக்குப் போய்த் தானே நட்டுவிட்டு வந்தார்.

மழைக்காலம் முடிந்தபோது தாய்மரம் பட்டுப்போயிருந்தது. கன்றுகளும் வாடிக்கொண்டிருந்தன. தேனப்பன் குளிரைக் குறை சொன்னார். யோகலட்சுமி ஒரு கன்றின் அடிமண்ணைக் கையால் விலக்கினார். ஒட்டு இருந்த இடத்தில் பட்டை அழுகி விரலோடு வந்தது.

“குளிரு ஒண்ணும் செய்யலண்ணே. நம்மூரு வெயிலுக்கு நடுறாப்புல இந்த ஈரத்துலயும் ஒட்டை மண்ணுல மூடி நட்டுப்புட்டேன். தப்பு என்னோடது.”

ஒரே ஒரு கன்றின் நுனி பச்சையாக இருந்தது. அந்த மரத்தில் மிச்சம் அவ்வளவுதான். அங்கேயே திரும்பக் கட்டிப் பார்க்கலாமா என்றார் தேனப்பன். யோகலட்சுமி தோட்டத்தில் நின்ற ஒரு எலுமிச்சைக் கன்றில் கத்தி வைத்துப் பார்த்தார். குளிரில் பட்டை கழலாமல் கிழிந்தது. அந்தப் பச்சை நுனியை வெட்டி, ஈரத்துணியில் சுற்றி, மடியில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினார்.

ஊர் வெக்கையில் பட்டை இலகுவாகக் கழன்றது. இந்த முறை மண்ணிலிருந்து ஒரு சாண் உயரத்தில் கட்டினார். கணவர் அருள்பாண்டி வந்து பார்த்தார்.

“என்ன புள்ள, கன்னுக்கு முழங்கால்ல கட்டுப் போட்டிருக்க? விழுந்துருச்சா?”

“விழுந்தது நானு. நீங்க அங்குட்டுப் போங்க.”

மொட்டுகளில் பாதி கருகின. மற்றவை துளிர்த்தன. அடுத்த மழைக்கு முன் மலையில் மண்ணைத் திட்டாகக் குவித்து, ஒட்டு வெளியே தெரிய நட்டார். தேனப்பன் ஊர்ப் பழக்கத்தில் காலால் மண்ணை அடிப்பக்கம் தள்ளப்போக, யோகலட்சுமி குனிந்து அதை வழித்து எடுத்தார். மழை ஓயும்வரை அவர் ஊர் திரும்பவில்லை.

ஓய்ந்ததும் ஒவ்வொரு கன்றின் பட்டையையும் நகத்தால் லேசாகக் கீறினார். உள்ளே பச்சை.

பக்கத்துத் தோட்டக்காரர் அந்த மரத்தில் ஒரு கன்று கேட்டு வந்தார். யோகலட்சுமி தேனப்பனைப் பார்த்தார்.

“கட்டிக் குடுங்க,” என்றார் தேனப்பன். “இந்த மரம் ஒரே எடத்துல மட்டும் இருந்தாப் பயமா இருக்கு.”