இடது பின்னங்காலில் வெள்ளை

1. "காயம் எங்கம்மா?"

"காயம் எங்கம்மா இருக்கு? காட்டுங்க."

மஜிஸ்ட்ரேட் கோர்ட் ஹாலை விட்டு இறங்கி வந்து, காம்பவுண்டு வேப்பமரத்தடியில் நின்று என்னைக் கேட்டார். அவர் முன்னால் ஒரு பழுப்புக் குதிரை நின்றுகொண்டிருந்தது. தேய்த்துக் குளிப்பாட்டிக் கூட்டிவந்திருந்தார்கள். முதுகு பளபளவென்று இருந்தது. ஒரு கீறல் கிடையாது. முதுகில் உள்ளங்கை அகலத்துக்குச் சேணப் புண், சதை தெரிகிறது, வலது முன்னங்கால் நொண்டுகிறது என்று முழுசாக இரண்டு பக்கம் மனு எழுதிக் கொடுத்தவள் நான்.

சுற்றி நின்ற வக்கீல்களுக்குக் கொண்டாட்டம். வக்கீல் சங்கத்தில் எனக்குப் பெயரே நாய் வக்கீல்தான். கொலைக் கேஸ் நடத்துகிறவரை யாரும் கொலை வக்கீல் என்று கூப்பிட்டு நான் கேட்டதில்லை. வாயில்லாத ஜீவனுக்காக வக்காலத்து போட்டால் மட்டும் இவர்களுக்குச் சிரிப்பு வந்துவிடும்.

"என்ன மேடம், உங்க கட்சிக்காரர் குளிச்சுட்டு வந்துட்டாரா?" என்றார் ஒரு சீனியர்.

குதிரைக்காரர் ஏழுமலை கையைக் கட்டிக்கொண்டு நின்றார். "மூணு மாசமா மருந்து போட்டேன்ங்கய்யா. ஆறிப்போச்சு. என் புள்ளை மாதிரி பாத்துக்கினேன்."

"அவ்வளவு பெரிய புண் ஆறினா வடு இருக்காதா? முடி வெள்ளையா முளைக்காதா? இது அந்தக் குதிரை இல்லைங்கய்யா!" என்றேன்.

மஜிஸ்ட்ரேட் கோபப்படவில்லை. பொறுமையாகத்தான் கேட்டார். "வேற குதிரைன்னு எதை வெச்சு சொல்றீங்க? அடையாளம் என்ன எழுதியிருக்கீங்க, பாருங்க."

ஃபைலைப் பிரித்தேன். சொத்து விவரம் என்ற இடத்தில் நானே எழுதியிருந்தேன்: பழுப்பு நிறப் பெண் குதிரை ஒன்று. அவ்வளவுதான். அதைப் பார்த்து ஸ்டேஷனில் காப்பி அடித்திருந்தார்கள். அதைப் பார்த்துக் கோர்ட்டில் காப்பி அடித்திருந்தார்கள். கால்நடை டாக்டர் சர்ட்டிபிகேட்டில் புண்ணின் நீளம், அகலம், ஆழம் எல்லாம் இருந்தது. புண் யாருடையது என்பது இல்லை.

"மூணு மணிக்குள்ள ஏதாவது காட்டுங்க. இல்லன்னா இதே குதிரைதான்னு நான் ஆர்டர் போட்டுடுவேன்" என்று சொல்லிவிட்டு மேலே போய்விட்டார்.

2. ஜரிகைத் துணிக்குக் கீழே

இந்தக் கேஸ் எனக்கு வந்தது சவரிமுத்து ஐயா மூலமாக. பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷனோடு திரும்பியவர். எங்கள் ஊரில் அப்படிப்பட்டவர்களைச் சொல்தா என்போம். அரியாங்குப்பத்தில் வீடு. வாரம் தவறாமல் ஞாயிற்றுக்கிழமை காலையில் கடற்கரைக்கு நடக்கப் போவார். வக்கீலை மேத்ர் என்றுதான் கூப்பிடுவார், நான் எவ்வளவு சொல்லியும் மாற்றிக்கொள்ளவில்லை.

"மேத்ர், இங்க ஒரு குதிரை. டூரிஸ்டுங்களை ஏத்தி இறக்கிக்கினே இருக்கான். நிக்கவே முடியல அதால. நீங்க வந்து பாருங்க."

எஸ்.ஐ.யை நச்சரித்து, இரண்டு சிவப்புத் தொப்பி போலீசோடு போனேன். கல்யாண ஊர்வலத்துக்குப் போடுகிற கண்ணாடி வைத்த ஜரிகைத் துணியைப் போர்த்தியிருந்தார்கள். துணியைத் தூக்கினேன். புண்ணில் மஞ்சளைக் குழைத்து அப்பி, அதன்மேலேயே சேணம். நாற்றம் தாங்கவில்லை. பக்கத்தில் ஒரு அப்பா தன் பெண்ணை ஏற்றிவிட க்யூவில் நின்றுகொண்டு, "எவ்ளோ நேரம் ஆவும் மேடம்?" என்று என்னைக் கேட்டார். அவரை அடிக்காமல் விட்டதே பெரிய விஷயம்.

குதிரையைப் பறிமுதல் செய்தார்கள். சட்டப்படி அது கேஸ் ப்ராப்பர்ட்டி. திருட்டு பைக், கள்ளச்சாராய கேன், குதிரை எல்லாம் ஒரே பட்டியல்தான். ஏழுமலை குதிரையைத் திருப்பிக் கேட்டு மனு போட்டார். நான் எதிர்த்தேன்.

"எங்க வெச்சுக் காப்பாத்துவீங்க?" என்று கோர்ட் கேட்டது. எங்களுக்குத் தெரிந்த காப்பகத்தில் நாய்க் கூண்டுதான் இருந்தது. வேலை வாங்கக் கூடாது, கேட்கும்போது ஆஜர்படுத்த வேண்டும் என்று இரண்டு நிபந்தனை போட்டு, ஜாமீன் பத்திரம் வாங்கிக்கொண்டு குதிரையை ஏழுமலையிடமே கொடுத்துவிட்டார்கள். நிபந்தனை போட்டாச்சே என்று நானும் நிம்மதியாக மூலக்குளத்தில் இருக்கும் என் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுத் தூங்கினேன். அந்தத் தூக்கத்தை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

3. "நீங்க அதைக் கேக்கலயே"

மணி ஒன்றரை. கான்டீனில் டீ ஆறிக்கொண்டிருந்தது. சவரிமுத்து ஐயாவுக்குப் போன் போட்டு விஷயத்தைச் சொன்னேன்.

"வேற குதிரையைக் கொண்டாந்துட்டானா? சலோ!" என்று பிரெஞ்சில் ஒரு வசவு விட்டார். பிறகு, "இந்தக் குதிரைக்கு நாலு காலும் பழுப்பா மேத்ர்?" என்று கேட்டார்.

ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு, ஆமாம் என்றேன்.

"நம்ம குதிரைக்கு இடது பின்னங்கால்ல குளம்புக்கு மேல வெள்ளை. சாக்ஸ் மாட்டினாப்ல இருக்கும். பாரீஸ்ல இருக்குற என் பொண்ணுக்கு அனுப்பறதுக்கு முழுசா ஒரு போட்டோ எடுத்தேனே."

"ஐயா! அதை ஏன் எனக்கு அனுப்பல?"

"நீங்க அதைக் கேக்கலயே, மேத்ர். காயத்தைப் போட்டோ புடிச்சு அனுப்புங்கன்னுதானே சொன்னீங்க? காயத்தை அனுப்பிட்டேன்."

அவர் என்னைக் குத்திக் காட்டவில்லை. உள்ளதைச் சொன்னார். ராணுவத்தில் இருந்தவர், சொன்னதைச் சொன்னபடி செய்தார். அவர் அனுப்பிய படங்கள் பதினொன்றும் ஃபைலில் இருந்தன. எல்லாம் புண். புண்ணைப் பார்த்தாலே கோர்ட்டுக்கு ரத்தம் கொதிக்கும் என்று பெரிய மேதாவி மாதிரி பொறுக்கி எடுத்து வைத்திருந்தேன். கோபத்தில் கோட்டை விட்டது நான்தான்.

சவரிமுத்து ஐயா ஆட்டோ பிடித்து நேராகக் கோர்ட்டுக்கே வந்தார், போனை நெஞ்சுப் பாக்கெட்டில் பத்திரமாக வைத்துக்கொண்டு.

4. மூணு மணி

போனில் இருந்த படத்தை மஜிஸ்ட்ரேட் பெரிதுபண்ணிப் பார்த்தார். ஜரிகைத் துணி, ஏழுமலை, ஏழுமலை கையில் கயிறு, இடது பின்னங்காலில் வெள்ளை. எல்லாம் ஒரே படத்தில்.

"இந்தக் குதிரை எங்கய்யா?"

ஏழுமலை படத்தைப் பார்த்தார். அப்புறம் அழ ஆரம்பித்துவிட்டார். "செத்துப் போச்சுங்கய்யா. கூட்டிட்டுப் போன நாலாம் நாள். முகூர்த்த நாள், காலாப்பட்டுல ஒரு கல்யாணம், முன்னாடியே ஒத்துக்கினது. ஊர்வலம் முடிஞ்சு வரச்சே படுத்துடுச்சு, எழுந்துக்கவே இல்ல. ஜாமீன் பத்திரத்தைக் காட்டி உள்ள போட்டுருவாங்களேன்னு பயந்து, இன்னொருத்தர்கிட்ட கேட்டு இதைக் கொண்டாந்தேன். எனக்கும் புள்ளகுட்டி இருக்கு வக்கீலம்மா."

ஊர்வலம்! அந்தப் புண்ணின் மேல் சேணத்தைப் போட்டு, அதன்மேல் மாப்பிள்ளையை ஏற்றி, பேண்டு வாசித்து, பட்டாசு வெடித்து ஊர்வலம். அட்சதை போட்ட அத்தனை பேரில் ஒருத்தர் அந்தத் துணியைத் தூக்கிப் பார்க்கவில்லை. யார்மேல் கோபம் என்றே தெரியவில்லை. ஏழுமலைமேல் பாதி, என்மேல் பாதி.

கடைசியில் நடந்ததைக் கேளுங்கள். குதிரையை ஆற்றோரம் புதைத்து மூன்று மாதம் ஆகிவிட்டது. போஸ்ட்மார்ட்டம் இல்லை, கொன்றதாக நிரூபிக்க வழியில்லை. கோர்ட்டை ஏமாற்றியதற்குத் தனிக் கேஸ். ஆஜர்படுத்தாததற்கு ஜாமீன் தொகை முழுவதும் போயிற்று. குதிரையைக் கொடுமைப்படுத்தியதற்கு? குற்றத்தை ஒப்புக்கொண்டார், ஐம்பது ரூபாய் அபராதம். சட்டத்தில் முதல் தடவைக்கு அதிகபட்சமே அதுதான். மாற்றச் சொல்லி நாங்கள் எழுதாத கடிதம் இல்லை. காகிதத்தில் பொய் சொன்னால் இந்தச் சட்டத்துக்கு வலிக்கிறது. குதிரைக்கு வலித்தது மட்டும் அதன் காதில் விழவே இல்லை.

"மேடம், ஃபிஃப்டி ருப்பீஸ் ரெசீப்ட் ஃபைல்ல வெக்கணுமா?" என்று கோர்ட் கிளார்க் கேட்டார். வையுங்கள் என்றேன். வேறு என்ன சொல்வது?

5. இப்போது நான் செய்வது

இந்த வேலைக்கு வருகிற இளம் வக்கீல்கள் எல்லோரும் கோபத்தோடுதான் வருகிறார்கள். வரட்டும், நல்லது. ஆனால் கோபம் க்யூவில் நின்ற அந்த அப்பாவைத் தவிர எல்லோருக்கும் வரும். அதற்கு வக்கீல் தேவையில்லை. இடது பின்னங்காலில் வெள்ளை என்று எழுதுவதற்குத்தான் வக்கீல்.

இப்போதெல்லாம் யாராவது போன் செய்து அழுதால், நான் முதலில் காயத்தைக் கேட்பதில்லை. "நாலு காலும் தெரியற மாதிரி ஒரு போட்டோ அனுப்புங்க" என்கிறேன். கல் நெஞ்சுக்காரி என்று நினைக்கிறார்கள். நினைத்துவிட்டுப் போகட்டும்.

அன்றைக்குக் கோர்ட்டுக்குக் கூட்டிவந்த அந்த இன்னொரு குதிரை கேஸ் ப்ராப்பர்ட்டி இல்லை என்பதால் உரியவரிடமே போய்விட்டது. இப்போது அதே கடற்கரையில் அதுதான் டூரிஸ்டுகளை ஏற்றுகிறது. ஞாயிற்றுக்கிழமைதோறும் சவரிமுத்து ஐயா அதன் படத்தை எனக்கு அனுப்புகிறார். நாலு காலும் தெரியும். போன வாரப் படத்தில் முதல் தடவையாக அதன் முதுகில் ஒரு ஜரிகைத் துணி இருந்தது.

"துணியைத் தூக்கிப் பாத்தீங்களா?" என்று கேட்டு அனுப்பினேன்.

"பாத்துட்டேன் மேத்ர். இன்னும் ஒண்ணும் இல்ல" என்று பதில் வந்தது.

அந்த 'இன்னும்' எனக்குப் பிடிக்கவில்லை. திங்கட்கிழமை காலையில் புது ஃபைல் ஒன்று திறந்தேன். முதல் பக்கத்தில் அந்தக் குதிரையின் அடையாளத்தை எழுதியிருக்கிறேன், பதினாறு வரி.