மலைக்கு நேர்ந்த கால்

ஜான்-டலோன் சந்தையில் அஜந்தாவுக்கு இன்னொரு பெயர் உண்டு: பலெர்மோக்காரி. தாயும் தகப்பனும் யாழ்ப்பாணம் என்றாலும் அவள் பிறந்தது, படித்தது, முதன்முதலில் சைக்கிளில் இருந்து விழுந்தது எல்லாம் சிசிலித் தீவின் துறைமுக நகரமான பலெர்மோவில். கஜீவனைக் கட்டிக்கொண்டு மொன்ரியலுக்கு வந்த பிறகு, சந்தைக்குள் சீஸும் ஒலிவ் காய்களும் விற்கும் கடையில் வேலைக்குச் சேர்ந்தாள். அவள் வாயிலிருந்து சிசிலிப் பேச்சு வருவதைக் கேட்கவே சில கிழவிகள் வாங்கிய சாமானை மறுபடி வாங்க வருவார்கள்.

அவள் அதிகம் கதைக்கிறவள் இல்லை. ஆனால் தமிழ் வீட்டுக் கொண்டாட்டங்களில் யாராவது, "பலெர்மோவோ? மாஃபியா ஊரெல்லே?" என்று கேட்டுவிட்டால் அவளுக்கு முகம் சிவந்துவிடும். கோப்பையைக் கீழே வைத்துவிட்டுத் தொடங்குவாள். கிரேக்கர் அந்த ஊரை 'முழுவதும் துறைமுகம்' என்று அழைத்தது, பெரிய தேவாலயத்து வாசல் தூணில் குர்ஆன் வரி செதுக்கியிருப்பது, ஒரு பாதிரியார் தன் தாய் இறந்தபோது அவளுக்காக நாலு மொழியில் கல் வெட்டி வைத்தது. கேட்டவர் மெல்ல எழும்பி வடை எடுக்கப் போய்விடுவார். வீடு திரும்பும் வழியில் கஜீவன் சிரிப்பான்.

"அப்படியே கொப்பர்தான் கதைக்கிறார்."

அது உண்மை. அவள் தகப்பன் தியாகலிங்கம் பலெர்மோவில் ஒரு வழக்கறிஞர் வீட்டில் சமைத்தும் துடைத்தும் தலை நரைத்தவர். மனைவி இறந்த பிறகும் ஊரை விட்டு அசையவில்லை. மகள் மொன்ரியலுக்கு வரச்சொல்லிக் கெஞ்சும்போதெல்லாம், "உங்கட ஊர் நேற்று வந்த ஊர், பிள்ளை. எங்கட ஊரைப் பார்," என்று தொடங்கிவிடுவார். அவருடைய 'எங்கட ஊர்' யாழ்ப்பாணம் இல்லை என்பது புதிதாகக் கேட்பவர்களுக்கு விளங்கக் கொஞ்ச நேரம் எடுக்கும்.

அந்த நகரத்துக்குக் காவலாக ஒரு மலையும், மலைக் குகையில் றொசாலியா என்ற புனிதையும் இருக்கிறார்கள். கொள்ளை நோய் வந்த காலத்தில் அவருடைய எலும்புகளைத் தெருத்தெருவாகக் கொண்டுபோனபோது நோய் நின்றதாம். பலெர்மோத் தமிழர், சைவமோ கிறிஸ்தவமோ, எல்லோரும் அவரை அம்மாள் என்றே கூப்பிடுவார்கள். நேர்த்திக்கடன் வைத்தால் விடியமுன் வெறுங்காலோடு ஏற வேண்டும். குகை வாசல்வரை வாய் திறக்கக்கூடாது. கைத்தொலைபேசி வீட்டில் கிடக்கும்.

அஜந்தா வைத்த நேர்த்தி மகனுக்காக. நிஷான் பிறந்தபோது இதயத்தில் சிறு ஓட்டை என்றார்கள். தானாக மூடாவிட்டால் வெட்டித்தான் சரிசெய்ய வேண்டும் என்றார்கள். அன்றிரவு தொட்டிலுக்குப் பக்கத்தில் இருந்து அவள் கண்ணை மூடிச் சொன்னாள்: பிள்ளைக்குக் கத்தி படாமல் காப்பாற்று, அப்பா வெறுங்காலோடு உன்னட்டை ஏறி வருவார்.

தன் காலை அல்ல, அப்பாவின் காலை நேர்ந்தாள். அந்த நேரத்தில் அது பிழையாகத் தோன்றவில்லை. அம்மாள் இருப்பது அங்கே, அப்பா இருப்பதும் அங்கே. ஒரு வீட்டில் ஒருவர் நேர்ந்தால் மற்றவர் நிறைவேற்றுவது வழக்கம்தானே.

வசந்தத்தில் ஓட்டை மூடிவிட்டது. அப்போதிருந்து அவளுக்குப் புதிய பயம் பிடித்தது: கேட்டது கிடைத்தாயிற்று, சொன்னது செய்யவில்லை. பிள்ளை இருமினாலும் நெஞ்சு பக்கென்றது. அப்பாவோ முழங்கால் நோகுது, வெயில் தணியட்டும் என்று தள்ளிக்கொண்டே போனார். போன ஞாயிறு அவள் தொலைபேசியில் அழுதுவிட்டாள்.

"நேர்த்தியை வைச்சுக்கொண்டிருக்கக் கூடாது அப்பா. இந்தக் கிழமையே போங்கோ."

"சரி, அழாதை. செவ்வாய்க்கிழமை போறன்."

இன்று செவ்வாய்க்கிழமை.

காலையில் கடை திறந்து ஒலிவ் காய்களைச் சட்டிகளில் நிரப்பிக்கொண்டிருந்தபோது வீட்டோ என்ற முதலாளி கைத்தொலைபேசியை நீட்டினார். அவரும் சிசிலி வழி வந்தவர். படத்தில் ஒரு நகரம், அதைச் சுற்றி மலைகள், மலை முதுகில் சிவப்புக் கோடு. பாலைவனக் காற்று வீசுதாம், நெருப்பு ஓரிடத்தில் நிற்கவில்லையாம், விமான நிலையத்தை மூடிவிட்டார்களாம்.

"உன் ஊர்தானே?" என்றார் மெதுவாக.

அஜந்தா படத்தைப் பெரிதாக்கினாள். கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் மலையை அவளுக்கு எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தாலும் தெரியும். அதன் பாதித் தோளைப் புகை மூடியிருந்தது.

அப்பாவுக்கு எடுத்தாள். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. சாமி விளக்குக்குப் பக்கத்தில் கிடந்து அது அடிப்பது அவளுக்குக் கண்ணில் தெரிந்தது. அங்கே இப்போது பின்னேரம். விடியமுன் ஏறியவர் வெயில் ஏறமுன் வீட்டுக்கு வந்திருக்க வேண்டும்.

அப்பாவின் மாடிக்குக் கீழே குடியிருக்கும் கிருபானந்தனுக்கு எடுத்தாள்.

"விடியக் கண்டனான், தங்கச்சி. வெறுங்காலோட போனார். நான் கேட்டன், அண்ணை எங்கை எண்டு. வாயிலை விரலை வைச்சுக் காட்டிப்போட்டுப் போயிட்டார். திரும்பினதைக் காணேல்லை. மலைப் பாதையைப் பொலிஸ் மறிச்சிட்டினம், நான் போய்ப் பார்த்திட்டு வந்தனான்."

"மேலை ஆக்கள் நிக்கினமோ?"

"அதொண்டும் சொல்லினம் இல்லை."

நிறுக்க வந்த ஒலிவை இரண்டு தரம் நிறுத்தாள். பக்கத்துக் காய்கறிக் கடையில் வேலை செய்யும் அல்போன்சம்மா, மன்னார்க்காரி, கீரைக் கட்டோடு எட்டிப் பார்த்தார்.

"என்ன பிள்ளை, முகம் வெளிறிப்போய்க் கிடக்கு?"

அஜந்தா சொன்னாள். அல்போன்சம்மா கீரையைக் கீழே வைத்துச் சிலுவை போட்டுக்கொண்டார்.

"அண்டைக்கே சொன்னன்தானே, இஞ்சையே கோட்-டெ-நெய்ஜிலை யோசேப்பு கோயில் இருக்கு, முழங்காலிலை படி ஏறு, காணும் எண்டு. நீ கேட்டனியே? உனக்குப் பலெர்மோ அம்மாள்தான் வேணும். அங்கத்தைய சாமான்தான் திறம் எண்டு."

"அன்ரி, இப்ப வேண்டாம்."

"சரி, சரி. கொப்பர் சும்மா ஆளில்லை. நெருப்புக்கும் நாலு கதை சொல்லித்தான் விடுவார்."

அஜந்தா சிரிக்கவில்லை. வீட்டோ அவளை வீட்டுக்குப் போகச் சொன்னார்.

அவள் மெத்ரோவில் இறங்கவில்லை. நிலத்துக்குக் கீழே அழைப்பு விட்டுப்போனால் என்ன செய்வது என்று நடந்தே போனாள். போன மாதம் வடக்கே காடு எரிந்து மொன்ரியல் முழுதும் புகை மூடியபோது, ஈரத் துணியால் சன்னல் இடுக்குகளை அடைத்து நிஷானை உள்ளேயே வைத்திருந்தாள். புகைக்குள் சூரியன் வெட்டின பீட்ரூட் மாதிரி இருந்தது. தூரத்து நெருப்புக்கே தொண்டை அப்படி எரிந்தது. அப்பா நெருப்பின் நடுவில். காலில் செருப்புக்கூட இல்லை. அந்தப் பாதை முழுக்கக் கல். கல் சுடும். முழங்கால் நோகுது என்றவரை அழுது அனுப்பியது யார்?

பார்க் அவென்யூ ரயில் பாலத்துக்குக் கீழே நுழையக்கூடப் பயமாக இருந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு ஓடிக் கடந்தாள். மறுபக்கம் வந்ததும் தொலைபேசி அடித்தது.

தெரியாத எண். ரொறொன்ரோ எண்.

தெரியாத எண்ணில் நல்ல செய்தி வந்ததாக அவளுக்கு நினைவில்லை. விரல் திரையைத் தொடத் தயங்கியது. ஒரு சுவரில் முதுகைச் சாய்த்துக்கொண்டு எடுத்தாள்.

"அஜந்தாவோ? நான் டனிஸ்ரன் எண்டு, ரொறொன்ரோ. இப்ப பலெர்மோவிலை நிக்கிறம். தங்கச்சி, உங்கட அப்பா..." குரல் அறுந்தது. இரைச்சல். அந்த இரைச்சலுக்குள் அவள் மனதுக்குள்ளேயே தகப்பனுக்குக் கொள்ளி வைத்து, சாம்பலைக் கடலில் கரைத்து, கறுப்புச் சேலையோடு திரும்பி வந்துவிட்டாள்.

"பிள்ளை?"

அப்பாவின் குரல்.

"அப்பா, எங்கை நிக்கிறீங்கள்?"

"ஸீசா மாளிகை வாசலிலை. இவையளுக்கு நாலு மொழிக் கல்லுக் காட்டக் கூட்டி வந்தனான். நெருப்புக்கு மூடிப்போட்டாங்கள்."

அவள் நடைபாதையிலேயே குந்திவிட்டாள். நாயோடு போன ஒரு பெண் நின்று பார்த்துவிட்டுப் போனாள்.

"மலைக்குப் போகேல்லையே?"

"மலையடிக்குப் போனனான். இவையள் குடும்பமா வந்து வழி கேட்டவை. விரதம் எண்டபடியால் கையாலை காட்டிப்போட்டு வெளிக்கிட்டன். அப்ப இந்த மனுசன் மனுசிக்குச் சொல்லுறார், மாஃபியாவை விட்டால் இந்த ஊரிலை பார்க்க என்ன கிடக்கு எண்டு. நீயே சொல்லு பிள்ளை. வாயை மூடிக்கொண்டு ஏறேலுமே?"

பின்னால் டனிஸ்ரனின் குரல் கேட்டது: "விடியத் துவங்கினவர் தங்கச்சி, இன்னும் நிப்பாட்டேல்லை. வெறுங்காலோட முழு ஊரும் காட்டிப்போட்டார். இப்பதான் மகள் தேடுவாள் எண்டு போன் கேட்டவர்."

"என்னை உயிரோட சாகடிச்சுப்போட்டீங்கள் அப்பா."

பிறகு அவர் பேசியபோது பெருமையெல்லாம் வடிந்திருந்தது.

"இஞ்சை சாம்பல் கொட்டுது. மலை எரியிறது இதிலை நிண்டு பார்க்கத் தெரியுது. நான் ஏறியிருந்தால்..." நிறுத்தினார். "ஆனால் உன்ர நேர்த்தி நிக்குதே பிள்ளை. அம்மாள் எப்பிடி எடுப்பாவோ தெரியேல்லை. நெருப்பு அணையட்டும், நான் போறன்."

அஜந்தாவுக்கும் தெரியவில்லை. அம்மாள்தான் அவரைத் தடுத்தாளா, அல்லது அவர் வாய் திறந்ததற்குக் கோபித்துத்தான் மலை எரிகிறதா? ஆனால் ஒன்று மட்டும் தெளிவாக இருந்தது.

"நீங்கள் ஏற வேண்டாம். நேர்ந்தது நான். நிஷானையும் கொண்டு வாறன், என்ர காலாலை ஏறுறன்."

"கனடாவிலை சப்பாத்துக்குள்ளை கிடந்த கால். அந்தக் கல்லு தாங்குமே?"

"வீட்டை போங்கோ அப்பா. சன்னலைப் பூட்டுங்கோ. ஈரத் துணி வையுங்கோ."

வீட்டுக்கு வந்தபோது, செய்தி கேட்ட கஜீவன் பிள்ளையைக் கார்டரி என்ற காப்பகத்திலிருந்து நேரத்தோடு கூட்டி வந்து தூங்க வைத்திருந்தான். அவள் குனிந்து நிஷானின் நெஞ்சில் காதை வைத்தாள். அடித்துக்கொண்டிருந்தது. ஒரு அடிக்கும் அடுத்த அடிக்கும் இடையில் ஒவ்வொரு முறையும் பயந்தாள்.

பிறகு சப்பாத்தைக் கழற்றிவிட்டு வெளியே வந்தாள். வீட்டின் முன் தெருவரை இறங்கும் இரும்புப் படிக்கட்டு காலையிலிருந்து வெயிலில் கிடந்து சுட்டது. முதல் படியில் வைத்த காலை உடனே எடுத்தாள். திரும்ப வைத்தாள்.

கஜீவன் கதவைத் திறந்து பார்த்தான்.

"என்ன செய்யிறீர்?"

"பழகிறன்," என்றாள், அடுத்த படியில் காலை வைத்து.