கழுத்தில் சிவப்பு எலாஸ்டிக்

அந்தப் பூனைக்குட்டியை நான் முதலில் பார்த்ததே கட்டிங் மாஸ்டர் அதை உதைத்தபோதுதான். விரித்து வைத்த துணி அடுக்கின் மேல் மூத்திரம் பெய்துவிட்டதாம். சுவரில் மோதி விழுந்தது. நான் அப்போது அந்த பனியன் கம்பெனியில் ஓவர்லாக் டெய்லர். பொறுமைக்கும் எனக்கும் ஏழாம் பொருத்தம். நூல் வெட்டும் கத்தரியோடு எழுந்து போனேன்.

“இன்னொருக்கா ஒதச்சீங்கன்னா இது உங்க தொடையில எறங்குமுங்க மாஸ்டர்.”

அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

துணி எடை போடும் தராசில் குட்டியை வைத்தேன். அறுநூறு கிராம். நாலு மாதக் குட்டிக்கு அதெல்லாம் ஒரு எடையா? தினமும் என் டிபன் பாக்ஸிலிருந்து அவித்த முட்டையும் மத்தி மீனும் கொடுத்தேன். பங்குக்கு வந்த கடுவன் பூனையொன்று அதன் காதைக் கிழித்தது. காலி நூல் கோனை வீசிக் கடுவனின் மண்டையைப் பிளக்கப் பார்த்தேன், தப்பிவிட்டது.

வேஸ்ட் துணி மூட்டைக்குள் தூங்கும் குட்டியை யாரும் கவனிக்காமல் லாரியில் ஏற்றிவிடக் கூடாதே என்று, ஜட்டி இடுப்புக்குத் தைக்கும் சிவப்பு எலாஸ்டிக்கில் ஒரு துண்டு வெட்டி, கழுத்துக்கு அளவாகத் தைத்துப் போட்டேன். எலாஸ்டிக்தானே, உடம்பு பெருத்தால் அதுவும் நீண்டு கொடுக்கும். எத்தனையோ இடுப்புகளுக்குத் தைத்த கைக்கு அதில் சந்தேகமே வரவில்லை.

வாரம் ஒருமுறை எடை பார்த்தேன். ஒன்றரை கிலோ, அப்புறம் இரண்டு கிலோ. எனக்குத் தலைகால் புரியவில்லை. எலாஸ்டிக் ரோமத்துக்குள் மறைந்துபோனதைக்கூடக் கொழுப்பு என்றே நினைத்தேன்.

ஒரு நாள் மதியம் முட்டையை முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொண்டது. அழுகல் நாற்றம் அடித்தது. ரோமத்தை விலக்கினேன். எலாஸ்டிக் தோலை அறுத்துச் சதைக்குள் புதைந்திருந்தது. சுற்றிலும் சீழும் ரத்தமும். தொட்டதும் என் மணிக்கட்டைக் கடித்துக் குதறியது.

ஓடி வந்தது மாஸ்டர்தான். துணி வெட்டும்போது விரல் போகாமலிருக்கப் போடும் இரும்பு வலைக் கையுறையோடு அதன் கால்களைச் சேர்த்து அமுக்கினார். அது அலறி அலறி வலையைக் கடித்தது. நான் கத்தரி நுனியைச் சதைக்குள் விட்டு வெட்டினேன். என் தையல்தான், கெட்டியாகத் தைத்திருந்தேன். சீக்கிரம் அறுபடவில்லை.

“நா ஒதச்சது ஒரு நாளுங்க,” என்றார் மாஸ்டர். “நீங்க தெனமும் தீனி போட்டுக் கழுத்த அறுத்திருக்கீங்க.”

கத்தரி என் கையில்தான் இருந்தது. அவரைக் குத்தவேண்டும் போலிருந்தது. சொன்னது உண்மை என்பதால்தான் அத்தனை ஆத்திரம்.

பூனை பிழைத்துக்கொண்டது. மருந்தெல்லாம் அவரே போட்டார். கட்டிங் டேபிளுக்கு அடியிலேயே கிடந்து மூன்று கிலோ ஆனது. என்னைக் கண்டால் மட்டும் சீறும். முட்டையை வைத்துவிட்டு நான் என் மிஷினுக்குத் திரும்பிய பிறகுதான் வந்து தின்னும்.