கடல் வற்றும் நேரம்

அந்த இருமலை எங்கே கேட்டாலும் எனக்கு அடையாளம் தெரியும். சளி இருமல் அல்ல. வேண்டுமென்றே தொண்டையைச் செருமி இழுத்து விடுவது. திருவொற்றியூரில் எங்கள் குப்பத்துப் பெண்கள் விடியும் முன் கடற்கரைக்கு ஒதுங்கப் போகும்போது, கடல் அரிப்புக்குக் கொட்டியிருக்கும் பாறைகளின் ஓரம் ஒருத்தி காவல் நிற்பாள். ஆண் வாடை தெரிந்தால் இருமுவாள். பாறைக்கு அந்தப் பக்கம் எல்லோரும் எழுந்துவிடுவார்கள். அம்மா போனபின் என்னை வளர்த்த அத்தை காவலில் கெட்டிக்காரி. கல்லூரி விடுதிக்குப் போகும்வரை நானும் அந்த இருமலுக்கு எழுந்து நின்றவள்தான்.

நிலவியல் படித்து வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம், வடசென்னைக் கடற்கரை எங்கள் குழுவுக்கு வந்தது. கனமான கருமணல் எங்கே, எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று வரைபடம் போட வேண்டும். அலை மணலைப் புடைத்து, லேசானதை இழுத்துக்கொண்டு, கனமானதைக் கரையில் கரும்பட்டையாக விட்டுப்போகும். அந்தப் பட்டை முழுவதும் வெளியே தெரிய, கடல் நன்றாக வற்றியிருக்க வேண்டும். எங்கள் குழுத்தலைவர், கடல் ஏறி வற்றும் நேரங்களைச் சொல்லும் ஓதப் பட்டியலைப் பார்த்து நேரம் குறித்தார். மேட்டிலிருந்து நீர்விளிம்பு வரை நேர்கோடு, சம இடைவெளியில் துளை, துளைக்கு ஒரு பை மணல். எல்லாம் சரி. கடல் வற்றும் நேரம் விடியற்காலை என்று பட்டியலில் இருந்தது. அது வேறு யாருடைய நேரம் என்பது அதில் இல்லை.

எண்ணூரில் தொடங்குவதாகத்தான் ஏற்பாடு. அங்கே பாதை அடைபட்டிருந்ததால் தலைவர் கடைசி நேரத்தில் இடத்தை மாற்றிவிட்டார். இருட்டில் ஜீப்பை விட்டு இறங்கியபோதுதான் அது எங்கள் குப்பத்துக் கரை என்று எனக்குத் தெரிந்தது. நான்கு ஆண்கள், நான், மண் துளைக்கும் கருவி, இரண்டு டார்ச். பத்தடி நடந்திருக்க மாட்டோம், இருமல் கேட்டது. பாறைக்குப் பின்னால் புடவைகள் சரசரத்தன. பழக்கத்தில் என் உடம்பும் விறைத்து நின்றது. இந்த முறை அந்த இருமல் எங்களைப் பார்த்து.

“யோவ், இன்னாய்யா இது? பொம்பளைங்க வர நேரத்துல டார்ச் அடிச்சிகினு! மண்ணுல இன்னா தங்கமா கீது?”

“தங்கந்தான் யக்கா, நாம போட்டு வச்சது!” என்றது இன்னொரு குரல். இருட்டுக்குள் சிரிப்பு.

அப்போது வெளிச்சம் என் முகத்தில் விழுந்தது. முதலில் அதட்டிய அத்தையின் குரல் அப்படியே அடங்கியது. “தெரியாம பேசிட்டேன் மேடம். நீங்க வேலையப் பாருங்க,” என்று சொல்லி, முந்தானையைத் தலைக்கு இழுத்துக்கொண்டு நடந்தாள். அவள் என்னைத் தெரிந்ததாகக் காட்டாததில் முதலில் எனக்கு வந்தது நிம்மதி. அதை நினைத்தால் இன்றும் கூசுகிறது.

“போயிட்டாங்க. சட்டுனு முடிச்சிடலாம். நாளைக்கும் இதே நேரம்,” என்றார் தலைவர்.

“சார், இந்தக் கோடுகள அடுத்த வாரம் வச்சுக்கலாம். வத்தம் தெனமும் முக்கால் மணி நேரம் தள்ளிப்போகும். பத்து, பதினோரு மணிக்கு வரலாம்.”

“ஒரு வாரம் போயிடுமேம்மா. இவங்க கொஞ்சம் தள்ளிப் போகக் கூடாதா?”

“வேற எடம் இல்ல சார். இப்ப பேசுனது எங்க அத்தை. நானும் இங்கதான் வந்துகினு இருந்தேன்.”

ஆபீசில் ஒருநாளும் என் வாயில் வராத ‘வந்துகினு’. அவர் டார்ச்சை அணைத்தார். கருவியைத் தூக்கிக்கொண்டு ஜீப்புக்குத் திரும்பினோம்.

சாயங்காலம் அத்தை வீட்டுக்குப் போனேன். காய்ந்த கருவாட்டைக் கூடையில் அள்ளிக்கொண்டிருந்தாள். ஏன் மேடம் என்று கூப்பிட்டாள் என்று கேட்டேன்.

“பின்ன? ஆபீசருங்க எதிர்ல அத்தைன்னு சொல்லி உன் மானத்த வாங்கவா?”

“நானே சொல்லிட்டேன் அத்தை. நானும் அங்கதான் போவேன்னு.”

கூடையை வைத்துவிட்டு என்னையே பார்த்தாள். “நான் மூடி வச்சத நீ தொறந்து காட்டிட்டு வந்தியாடி?” என்றாள். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

அடுத்த வாரம் நல்ல வெயிலில் வேலையை முடித்தோம். யாருக்கும் இடைஞ்சல் இல்லை. ஜீப் கிளம்பும்வரை அத்தை வீட்டுக் கதவு சாத்தியே இருந்தது.

வரைபடம் அச்சாகிவிட்டது. அந்தக் கரையில் எந்தத் துளையில் எவ்வளவு கருமணல் என்று கேட்டால் உடனே சொல்வேன். குப்பத்து முனையில் பிறகு கட்டிய கழிப்பறைக்குத் தண்ணீர்தான் வரவில்லை. இப்போது விடுமுறைகளில் மறுபடி அத்தையோடு தங்குகிறேன். விடியும் முன் கடற்கரைக்குப் போக அவள் எழுந்து, சத்தம் வராமல் குவளையை எடுப்பாள். நான் விழித்துத்தான் இருப்பேன். அவள் கதவைச் சாத்தும்வரை கண்ணைத் திறப்பதில்லை.