சக்கரம் எடுத்த படங்கள்

சித்தப்பாவை எல்லோரும் 'சக்கரம்' என்றுதான் கூப்பிடுவார்கள். சுற்றுலாப் பேருந்து ஓட்டுநர். வாரத்தில் ஒரு நாள்தான் வீடு. அந்த ஒரு நாளும் நாற்காலியில் உட்கார்ந்தால் இடது கால் தானாக க்ளட்சைத் தேடும். எழுந்து போய் ஜன்னலைத் திறப்பார், மூடுவார். நன்றாக ஓடுகிற மின்விசிறியை நிறுத்திக் கழற்றித் துடைப்பார்.

"கால சும்மா வெச்சுக்கிட்டு ஒக்காருங்களேன். தரை தேயுது" என்பார் சித்தி.

"தேயறதுக்கு அது என்ன டயரா?"

நான் சித்தியின் அக்கா மகன். புகைப்படம் அச்சிடும் கடையில் வேலை, அவர்கள் வீட்டு மாடியறையில் வாசம். பயணம் முடிந்து வந்ததும் சித்தப்பா கைபேசியை என்னிடம் நீட்டுவார். "பெருசா போட்டுக் குடுடா. பளபளா பேப்பர் வேணாம், கண்ணு கூசும்."

உலகம் பார்க்க வருகிற எல்லா இடங்களையும் அவரும் படம் எடுத்திருக்கிறார், பின்பக்கமாக. பேருந்தை நிறுத்த எங்கேயும் பின்பக்கத்தில்தானே இடம் விடுகிறார்கள்? அரண்மனை என்றால், ஏசி பெட்டிகள் வரிசையாகத் தொங்கும் ஒரு சுவர், பக்கத்துக் கயிற்றில் காவலர்களின் பனியன்கள். புகழ்பெற்ற குதிரை வீரன் சிலை என்றால், குதிரையின் வால், அதன்மேல் ஒரு காகம். கலங்கரை விளக்கம் பேருந்தின் பக்கக் கண்ணாடியில் வெள்ளரிக்காய் போல வளைந்திருக்கும். நடுநடுவே, பேருந்துக் கூரையில் ஏறிவிட்டு இறங்கத் தெரியாமல் விழிக்கும் ஆடு. மலைப்பாதை வளைவில், கல்லின் மேல் ஒற்றைச் செருப்பு, யாரோ வந்து போட்டுக்கொள்வார்கள் என்று காத்திருப்பதுபோல.

பெரிய அருவியின் படங்களில் அருவியே இருக்காது. மரங்களுக்கு மேல் எழும் வெண்புகையும், ஈரத் தலையோடு படியேறி வரும் கூட்டமும்தான். வருஷா வருஷம் அதே புகை.

"ஒரு தடவ எறங்கிப் போய்ப் பாத்தா என்ன சித்தப்பா?"

"வண்டி பூரா அவங்க பை கெடக்கு. அத விட்டுட்டு நான் வேடிக்கை பாக்கப் போனா, நாளைக்கு ஊரே என்னை வேடிக்கை பாக்கும்."

இப்படி இருக்கையில், பேருந்து ஷெட்டின் மேற்பார்வைக்கு ஆள் வேண்டும் என்று மேலாளர் சித்தப்பாவைக் கேட்டார். திங்கட்கிழமை மதியத்துக்குள் பதில் சொல்ல வேண்டும். சரி என்றால், தினமும் சாயங்காலம் வீடு. ஆனால் ஸ்டீயரிங்கை அப்புறம் தொட முடியாது. நானும் அடுத்த மாதம் வேறு ஊர்க் கிளைக்கு மாறிப் போகிறேன். அதன்பிறகு அந்த வீட்டில் சித்தியும் நான்கு சுவர்களும்தான்.

"நான் கட்டிக்கிட்டது மனுஷனையா பஸ்ஸையான்னே தெரியல" என்றார் சித்தி. "கண்ட ஆட்டுக்கெல்லாம் படம் இருக்கு. எனக்கு ஒண்ணு இருக்கா? பேசாம ஷெட்டுக்குப் போங்க."

சித்தப்பா இரண்டு முறை ஜன்னல் வரை போய்த் திரும்பினார். "ஞாயித்துக்கிழம அருவிக்கு வண்டி போகுது. முன் சீட்டு காலியா இருக்கு. ஒரு தடவ வந்து பாரு. பாத்துட்டும் நீ ஷெட்டுன்னா ஷெட்டுதான்."

"பேச்சு மாறக் கூடாது."

"நடு ரோட்டு மேல சத்தியம்."

துணைக்கு நானும் போனேன். வண்டி நகர்ந்ததும் சித்தப்பா வேறு ஆளாகிவிட்டார். வீட்டில் ஓரிடத்தில் நிற்காத உடம்பு அங்கே அசையவே இல்லை. ஓடியதெல்லாம் வெளியேதான்: மரம், பாலம், கழுதை. சித்திக்குத்தான் இருப்புக் கொள்ளவில்லை. பையை மடியில் வைத்தார், கீழே வைத்தார், ஓரக்கண்ணால் கணவரின் கால்களைப் பார்த்துக்கொண்டே வந்தார்.

அருவி வந்தது. வழிகாட்டியின் பின்னால் கூட்டம் படியிறங்கிப் போனது. சித்தப்பா டயர்களைத் தட்டிப் பார்த்துவிட்டு, "வா, நல்ல எடமா காட்டறேன்" என்று சித்தியைக் கழிப்பறைச் சுவருக்கு அந்தப் பக்கம், ஒரு உடைந்த சிமெண்ட் தொட்டி அருகே கூட்டிப்போய் நிறுத்தினார். "இங்கருந்து பாரு."

மரங்கள். மரங்களுக்கு மேலே புகை.

"எங்கங்க அருவி?"

"அதோ புகை தெரியுதுல்ல?"

"புகை எங்க வீட்டு அடுப்புலயும்தான் வந்துது. அருவி எங்க?"

"கீழ. படி எறங்கணும்."

"இத்தன வருஷத்துல நீங்க எறங்கினதே இல்லையா?"

சித்தப்பா சாவியை விரலில் சுற்றினார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சித்தி முறைத்ததும் விழுங்கினேன்.

"துண்டெல்லாம் மடிச்சு எடுத்துட்டு வந்தேனே, கக்கூஸ் சுவரப் பாக்கவா?"

"நான் வண்டியப் பாத்துக்கறேன், நீங்க ரெண்டு பேரும் போய்ட்டு வாங்க" என்றேன்.

"நீயா?" என்றார் சித்தப்பா. "கவிதப் பொஸ்தகத்துல தலையக் குடுத்தா, பஸ்ஸ உருட்டிட்டுப் போனாக்கூட நிமிர மாட்ட."

சித்தி சாவியைப் பிடுங்கினார். விறுவிறுவென்று ஏறி ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தார். "நான் காவல் இருக்கேன். போங்க. பாக்காம வந்தீங்கன்னா மேல ஏத்த மாட்டேன்."

சித்தப்பா போனார். நாலு படிக்கு ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டே போய் மறைந்தார். சித்தி ஸ்டீயரிங்கை இரண்டு கைகளாலும் பிடித்துப் பார்த்தார். பெடலுக்குக் கால் எட்டவில்லை. நுனிவிரலால் துழாவினார்.

"என்னடா இது, இங்க ஒக்காந்தா எல்லாமே கிட்ட வந்துடுது" என்றார், என்னைப் பார்க்காமல்.

சித்தப்பா மூச்சு வாங்கத் திரும்பி வந்தார்.

"பாத்தீங்களா?"

"ம். தண்ணி."

"தண்ணின்னா?"

"மேலருந்து கீழ விழுது."

சித்தி இறங்கிப் போகலாம் என்று துண்டை எடுப்பதற்குள் வழிகாட்டி விசில் ஊதிவிட்டார். ஈரத் தலைகள் ஒவ்வொன்றாக ஏறின. துண்டு பைக்குள் போனது. திரும்பும் வழியெல்லாம் சித்தி அந்தப் பையை மடியிலிருந்து இறக்கவே இல்லை. வீட்டு வாசலில் சித்தப்பாவே சொன்னார்: "சரி. நாளைக்குப் போய் ஷெட்டுக்கு வர்றேன்னு சொல்லிடறேன்." சித்தி நனையாத துண்டை எடுத்துக் கொடியில் போட்டார்.

திங்கட்கிழமை காலை கடையில் அவர் படங்களை அச்சிட எடுத்தேன். அருவிப் பயணத்தில் ஒரே ஒரு படம்தான் எடுத்திருந்தார். அதிலும் அருவி இல்லை. கீழேயிருந்து மேல்நோக்கி எடுத்த படம். மரங்களின் இடைவெளியில் தீப்பெட்டி அளவுக்கு எங்கள் பேருந்து, அதன் முன்கண்ணாடியில் மஞ்சளாக ஒரு புள்ளி. சித்தி. படம் முழுக்கப் பெரிய பெரிய நீர்த்துளிகள். வழக்கமாக இப்படிக் கறைகள் இருந்தால் துடைத்துச் சரிசெய்துதான் அச்சிடுவேன். இதை அப்படியே விட்டுவிட்டேன். கடைக்காரரிடம் சொல்லிக்கொண்டு வீட்டுக்கு ஓடினேன்.

சித்தப்பா தேய்த்த சட்டையோடு வாசலில் நின்றிருந்தார். இடது கால் நிலைப்படியை மிதித்துக்கொண்டிருந்தது. படத்தைச் சித்தியிடம் கொடுத்தேன்.

"என்னடா, மிஷின் கெட்டுப் போச்சா? ஒரே புள்ளி புள்ளியா இருக்கு."

"அருவித் தண்ணி சித்தி. லென்ஸ்ல தெறிச்சிருக்கு."

சித்தி படத்தைக் கண்ணருகே கொண்டுபோனார். மஞ்சள் புள்ளியின் மேல் விரலை வைத்தார்.

"அவ்வளவு கிட்டப் போயிட்டு, அதுக்கு முதுகக் காட்டிட்டு நின்னீங்களா?"

"அங்கருந்துதான் வண்டி தெரிஞ்சுது" என்றார் சித்தப்பா. "நீ வேற உள்ள இருந்த."

"அருவியப் பாத்தீங்களா இல்லையா?"

"சத்தம் கேட்டுது."

சித்தி படத்தைத் தொலைக்காட்சிப் பெட்டியின் மேல் சாய்த்து வைத்தார். சரிந்தது. மறுபடி நிமிர்த்தினார்.

"ஷெட்டுக்கு வேற ஆளப் பாத்துக்கச் சொல்லுங்க."

"ஏன்?"

"நீங்களும் பாக்கல, நானும் பாக்கல. உங்கள ஷெட்ல கட்டிப்போட்டா அத எனக்கு யார் காட்டுவா? முன் சீட்டு எப்பெல்லாம் காலியோ அப்பெல்லாம் நான் வருவேன்."

"காவலுக்கு?"

"மாத்தி மாத்தி இருப்போம். அடுத்த வண்டி எப்ப?"

"புதன்கிழம. ஆனா அருவிக்கு இல்ல. குதிர சிலைக்கு."

சித்தி ஏற்கெனவே பையைத் தேடிக்கொண்டிருந்தார். "போவோம். அந்தக் குதிரைக்கு மூஞ்சி எப்படின்னு பாத்துட்டு வருவோம்."