மின்னாத போட்டோ

அப்போது எனக்கு பிளாஷ் என்றாலே ஆகாது. போளூரில் ஸ்டுடியோ போட்டு இரண்டு வருஷம் ஆகியிருந்தது. போனில் பத்துப் பதினைந்து வீடியோ பார்த்துவிட்டு, இயற்கை வெளிச்சத்தில் எடுப்பவன்தான் கலைஞன், பிளாஷ் அடிப்பவனெல்லாம் வெல்டிங் வைப்பவன் என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

ஜமுனாமரத்தூர் தாண்டி ஒரு மலையூரில் கல்யாணம். வாசலில் வெள்ளைத் துணிப் பந்தல். காலை வெயில் துணியில் வடிந்து இறங்கியது. பிளாஷைப் பையிலேயே வைத்து ஜிப்பை இழுத்துவிட்டேன்.

தாலி கட்டுவதற்கு முன் பெண்ணின் அம்மா என்னை ஓரமாகக் கூப்பிட்டார்.

"தம்பி, எந்த போட்டோ எடுத்தாலும் எனக்குக் கண்ணு மூடிக்குது. என் கல்யாண போட்டோவுலயும் மூடிகினுதான் நிக்கிறேன். எம்பொண்ணு கூட ஒண்ணே ஒண்ணு, கண்ணத் தெறந்துகினு இருக்கற மாதிரி எடுத்துக் குடுங்க."

"பிளாஷாலதாம்மா அப்படி ஆவுது. இன்னிக்கு அது வெளியவே வராது" என்றேன், பெருமையாக.

தாலி கட்டியதும் மேடையில் சிக்கல் ஆரம்பித்தது. முதலில் மாமன் முறைக்காரர்கள் ஏழு பேர் வந்து நின்றார்கள். எடுத்தேன். "முடிஞ்சிதுங்க" என்றேன். ஒருவரும் அசையவில்லை. மறுபடி எடுத்தேன். அப்படியே விறைப்பாக நின்றார்கள்.

"இன்னாபா, இன்னும் மின்னவே இல்ல?" என்றார் பெரிய மாமன்.

மின்னாதது போட்டோவே இல்லை என்பதில் பந்தலில் அத்தனை பேரும் ஒரே கட்சி. கேமராவைத் திருப்பிக் காட்டினேன். பார்த்துத் தலையாட்டிவிட்டு, மறுபடி போய் நின்றுகொண்டார்கள். பின்னால் வரிசை பந்தலைத் தாண்டிவிட்டது. பந்தியில் சாம்பார் ஆறிக்கொண்டிருந்தது. "பேட்டரிய மிச்சம் புடிக்கிறான்" என்று யாரோ சொன்னது என் காதில் நன்றாகவே விழுந்தது.

மானம் போனால் போகட்டும் என்று பிளாஷை மாட்டினேன். ஆனால் ஒரு திருட்டு வேலை செய்தேன். முதலில் பந்தல் வெளிச்சத்தில் படத்தை எடுத்துக்கொள்வேன். பிறகு பிளாஷின் பின்னால் இருக்கும் பொத்தானை அமுக்கி, சும்மா ஒரு மின்னல் விடுவேன். எல்லோரும் திருப்தியாகச் சாப்பிடப் போனார்கள்.

கடைசியாக அம்மா வந்து மகள் பக்கத்தில் நின்றார். மின்னல் வரும் என்று முன்கூட்டியே கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார். "தெறங்கம்மா" என்றால், ஊசி போட வந்த நர்ஸைப் பார்ப்பது போல முழித்தார். என் விரல் அசைந்ததும் மூடிக்கொண்டார். ஆறு தடவை இதே கதை. எனக்கு எரிச்சலாக இருந்தது. அந்த அம்மா கேட்டதே ஒரு படம்தான் என்று நினைத்தால் வெட்கமாகவும் இருந்தது.

ஏழாவது தடவை வரிசையை மாற்றினேன். மின்னலை முதலில் விட்டேன். முடிந்தது என்று மூச்சை விட்டுக் கண்ணைத் திறந்தவர், மகள் பக்கம் திரும்பி, அவள் நெற்றியில் சரிந்திருந்த சுட்டியை நேராக்கினார். அப்போது எடுத்தேன்.

ஆல்பம் கொண்டுபோன அன்று மகள் புதூர்நாட்டில் புருஷன் வீட்டில் இருந்தாள். அம்மா தானும் மகளும் இருந்த பக்கத்தை விட்டு நகரவில்லை. படத்தில் இருந்த தன் கண்ணை விரலால் தொட்டுப் பார்த்தார். இயற்கை வெளிச்சத்தைப் பற்றி நாலு வார்த்தை சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன்.

"உங்க பிளாஷு நல்ல பிளாஷு தம்பி" என்றார். "கண்ணே கூசல."

"ஆமாம்மா, புதுசு" என்றேன்.